பதினான்கு நாய்களும் ஒரு ரிப்போர்ட்டும்

மார்னி ஹல்வர்சனின் வாயை மூடவைக்க லூன் ரிவர் ஊரில் யாராலும் முடிந்ததில்லை. முப்பது வருடமாகப் பார்லர் நடத்துகிறவள். கையில் கத்தரிக்கோல் என்ன வேகத்தில் ஓடுமோ அதே வேகத்தில் வாயும் ஓடும். அவள் புருஷனே அந்த முயற்சியைக் கல்யாணமான முதல் வருடத்தில் கைவிட்டுவிட்டார். கடைசியில் அந்தக் காரியத்தைச் சாதித்தது மாவட்ட கோர்ட்.

போன நவம்பரில் நீதிபதி முன்னால் கையை உயர்த்தி மார்னி சத்தியம் செய்துகொடுத்தாள். பெற்றோரைப் பிரிந்து வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்காகக் கோர்ட்டில் பேசும் தன்னார்வலர் வேலை. வக்கீல் வேலை அல்ல, சம்பளமும் கிடையாது. ஓர் ஆளுக்கு ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், அதைச் சுற்றியிருக்கும் அத்தனை பேரிடமும் பேச வேண்டும், கண்ணால் கண்டதை எழுதி நீதிபதிக்குக் கொடுக்க வேண்டும். பிள்ளையைக் காரில் ஏற்றக் கூடாது. பரிசு வாங்கித் தரக் கூடாது. எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது. இதில் எதைப் பற்றியும் வெளியில் மூச்சுவிடக் கூடாது.

கடைசி விதிதான் மார்னியின் உயிரை எடுத்தது.

“இன்னிக்கும் மூணு மணிக்குக் கடையைச் சாத்துறியாமே,” என்றாள் ஆர்லீன். செவ்வாய்க்கிழமை வாடிக்கை. தலை முழுக்கச் சுருட்டைக் குழல்களோடு, முடி உலர்த்தும் சூட்டுக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூண்டின் இரைச்சலிலும் ஊர் வம்பு ஒன்று விடாமல் அவள் காதில் விழும்.

“ஆமா. பல் டாக்டர்.”

“மாசத்துக்கு ரெண்டு தடவை பல் டாக்டரா? உனக்கு மொத்தம் எத்தனை பல்லுடி இருக்கு?”

“இருக்கிறதைக் காப்பாத்த வேணாமா?”

“எவன்டி அவன்? சொல்லிடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“நீ சொல்ல மாட்ட. ஊருக்கு அதுவாத் தெரிஞ்சுடும்,” என்று மார்னி கூண்டின் சூட்டை ஒரு புள்ளி ஏற்றினாள். ஆர்லீன் அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

அவன் இல்லை, அவள். பெயர் ஜூனிபர், எல்லோருக்கும் ஜூனி. வயது ஒன்பது. பெற்ற அம்மா போதைப் பழக்கத்தில் விழுந்து, பிள்ளை மீதான உரிமையைக் கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு மாநிலம் போய்விட்டாள். அப்பா யாரென்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருடத்தில் ஜூனி மூன்று வீடு பார்த்துவிட்டாள். குழந்தைகள் நலத் துறையில் அவளைக் கவனிக்க வந்த ஆட்கள் நாலு தடவை மாறிவிட்டார்கள். இப்போது இருக்கும் வீட்டுத் தம்பதிக்கு வயதாகிவிட்டது. ஏப்ரலில் அரிசோனா வெயிலுக்குக் குடிபோகிறார்கள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை கோர்ட் கூடுகிறது. ஐந்து மணி நேரம் காரில் போகும் தூரத்தில், மில்வாக்கியில், ஒரு வாத்தியார் தம்பதி தயாராக இருக்கிறார்கள். நல்ல வீடு, நல்ல மனிதர்கள். நீதிபதி கையெழுத்துப் போட்டால் ஜூனிக்கு அதுதான் நிரந்தர வீடு. மார்னியின் ரிப்போர்ட் திங்கட்கிழமை மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். ‘ஒப்புதல்’ என்று ஏற்கெனவே பாதி எழுதியும் வைத்துவிட்டாள்.

மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூட நூலகத்தின் மூலை மேசையில் ஜூனி சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டாள். அவள் ஏமாற்றித்தான் ஆடுவாள். மார்னிக்குத் தெரியும். மார்னிக்குத் தெரியும் என்பது ஜூனிக்கும் தெரியும்.

“மில்வாக்கி அக்கா ஃபோன்ல பேசும்போதே அழறாங்க,” என்றாள் ஜூனி. “நல்லவங்கதான். என்ன கலர் பிடிக்கும்னு கேட்டு ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சுட்டாங்க.”

“என்ன கலர் சொன்ன?”

“சாம்பல்.”

“சாம்பலா? ஒன்பது வயசுப் பொண்ணு சொல்ற கலரா அது? ஊதா, ரோஸ்னு எதாச்சும் சொல்லியிருக்கலாம்ல.”

“ஊதா வேணாம். அரிக்கும்.”

“கலர் எப்படிடா அரிக்கும்?”

ஜூனி ஒரு சீட்டை மடியில் ஒளித்துக்கொண்டே சொன்னாள். “என் ஏழாவது பொறந்தநாளுக்கு அம்மா தலை முழுக்க ஊதா அடிச்சு விட்டாங்க. கடையில டப்பாவுல விக்குமே, அது. மறுநாள்தான் துறையில இருந்து வந்து என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கு மறுநாள் காதெல்லாம் இவ்ளோ பெரிசா வீங்கிப்போச்சு.”

“காது மட்டுமா?”

“காது, கழுத்து, அப்புறம் இங்க.” நெற்றியில் முடி தொடங்கும் ஓரமாக விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

மார்னியின் கையிலிருந்த சீட்டு அப்படியே நின்றது. அந்தக் கோட்டை அவள் முப்பது வருடத்தில் மூன்று பேர் நெற்றியில் பார்த்திருக்கிறாள். அதற்குப் பயந்துதான் புதிதாக வருகிற யாருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து, இரண்டு நாள் பார்க்காமல் தலைக்குச் சாயம் போடுவதில்லை.

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“நாய்னு சொன்னாங்க. முதல்ல இருந்த வீட்டுல ஒரு குட்டி நாய் இருந்துச்சு. நான் அதைத் தொடக்கூட இல்லை. என் தலையைப் பார்த்துப் பயந்து கட்டிலுக்கு அடியில போயிடுச்சு.”

ஜூனிக்கு நாய் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். ஊர் என்றால், அவள் ஃபைலைத் தொட்ட அத்தனை பேரும். கோர்ட்டில் பயந்த பிள்ளைகளைத் தேற்றுவதற்கென்றே பிரிட்ஜெட் என்று ஒரு சாதுவான நாய் உண்டு. ஜூனி வருகிற நாளில் அதைப் பின்கட்டு அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

ஜூனி நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். மடிப்பில் வெள்ளை விழுந்த பழைய போட்டோ. பனியில் ஒரு பெரிய நாய் படுத்திருந்தது. அதன் வயிற்றில் தலை வைத்து மூன்று, நாலு வயதுப் பிள்ளை ஒன்று வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

“இது யாரு?”

“மேயர். எங்க பெரியம்மாவோட தலைநாய். பனிவண்டி இழுக்கிறதுல இவன் முதல்ல கால் எடுத்து வச்சாத்தான் மத்தது எல்லாம் ஓடும். சின்னப் பிள்ளையில குளிர்காலம் பூரா நான் பெரியம்மா வீட்டுலதான் இருப்பேன்.”

“தும்மல் வருமா?”

“வரும். மேயருக்கு. என் முடி அவன் மூக்குல ஏறிடும்.”

“அப்புறம் அலர்ஜின்னு எல்லாரும் சொன்னப்போ நீ ஏன் ஒண்ணும் சொல்லலை?”

ஜூனி தோளைக் குலுக்கினாள். “பெரியவங்க எழுதி வச்சிருந்தாங்க. நடுவுல வந்திருக்கும்போலன்னு நினைச்சேன்.” அப்புறம், சீட்டைப் பார்த்துக்கொண்டே, “அலர்ஜி இல்லேன்னா நான் பெரியம்மாகிட்ட போகலாமா?”

‘போகலாம் கண்ணு’ என்பது மார்னியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பது வருடமாக எதையும் விழுங்கிப் பழகாத நாக்கு அது. விழுங்கினாள்.

“தெரியாது. ஆனா நீ கேட்டன்னு, நீ சொன்ன வார்த்தை மாறாம எழுதுவேன். நீதிபதி படிப்பாங்க.”

“எல்லாரும் ‘பார்க்கலாம்’னுதான் சொல்வாங்க,” என்றாள் ஜூனி. “‘தெரியாது’ன்னு யாரும் சொன்னதில்லை.” மடியில் வைத்திருந்த சீட்டை மேசைமேல் போட்டு ஆட்டத்தை ஜெயித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மார்னி கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃபைலைச் சமையல் மேசையில் விரித்தாள். தலைகாணி தடிமனுக்கு இருந்தது. எப்போதும் மேலிருந்து படிப்பவள், இன்று தலைகீழாகத் திருப்பி அடியிலிருந்து படித்தாள்.

துறையிலிருந்து வந்த முதல் ஆள் எழுதியது: ‘நாய் அலர்ஜி இருக்கலாம்.’ இரண்டாவது ஆள்: ‘நாய் அலர்ஜி உண்டு.’ மூன்றாவது ஆள்: ‘கடுமையான நாய் அலர்ஜி. நாய் உள்ள வீடு கூடாது.’ நாலாவது ஆள் அதையே அச்சுப் பிசகாமல் எழுதியிருந்தாள். இரண்டாவது ஆளின் இன்னொரு தாளில் ஒற்றை வரி: ‘பெரியம்மா ஃபெர்ன். பதினான்கு நாய்கள். பொருந்தாது.’

மார்னிக்குக் கோபம் தலைக்கேறியது. புருஷனைக் கூப்பிட்டுத் திட்டத் தோன்றியது. அவரிடமும் சொல்லக் கூடாது என்பதால் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். திரும்பி வந்து அடுத்த தாளைப் புரட்டினாள். டிசம்பர் மாத ரிப்போர்ட். மூன்றாவது பத்தியில்: ‘ஜூனிக்குக் கடுமையான நாய் அலர்ஜி உண்டு.’ கீழே கையெழுத்து: மார்னி ஹல்வர்சன்.

அதற்குமேல் கழுவப் பாத்திரம் இல்லை.

மறுநாள் காலை, அன்று ஜூனியைக் காட்டிய கிளினிக்கின் ஜன்னலில் நீதிபதியின் உத்தரவுத் தாளை நீட்டினாள். அந்தத் தாளுக்கு மட்டும் தனி மரியாதை. அதைக் காட்டினால் பிள்ளை சம்பந்தப்பட்ட எந்த ஏட்டையும் மறுக்காமல் காட்ட வேண்டும். ஜன்னலுக்குள் இருந்தவள் மார்னியிடம்தான் முடி வெட்டிக்கொள்கிறாள். தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“நீயா? இதெல்லாம் பண்றியா? உன் வாயை வச்சுக்கிட்டா?”

“வேலையைப் பாரு. இல்லேன்னா அடுத்த தடவை நெத்தி முடியைக் கோணலா வெட்டி விட்டுடுவேன்.”

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஏடு வந்தது. பரிசோதித்த நர்ஸ் எழுதியிருந்தது ஐந்தே வரி. ‘நெற்றி ஓரம், காது மடல், பின்கழுத்தில் தடிப்பு. தலைமுடிக்குப் புதிதாகச் சாயம் பூசப்பட்டுள்ளது. தங்கியுள்ள வீட்டில் நாய். காரணம் நாயாக இருக்கலாம். இரண்டு வாரத்தில் சோதனை தேவை.’ சோதனை நடந்ததாக எங்கும் ஒரு வரி இல்லை. இரண்டு வாரத்துக்குள் ஜூனியை வேறு வீட்டுக்கு, வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நர்ஸின் ‘இருக்கலாம்’ மட்டும் அவளோடு கூடவே பயணப்பட்டு, போகிற இடமெல்லாம் சதை போட்டிருந்தது.

வியாழன் மாலை தன்னார்வலர் அலுவலகத்தில் பிரைஸ் அவளுடைய புது ரிப்போர்ட்டைச் சிவப்புப் பேனாவோடு படித்தான். அவன்தான் மேற்பார்வை. வயது இருபத்தொன்பது. யாருடைய ரிப்போர்ட்டிலும் உணர்ச்சியைக் கண்டால் அவனுக்கு ஆகாது.

“‘பாவப்பட்ட பிள்ளை’. எடுத்துடுங்க. ‘அநியாயமாக’. எடுத்துடுங்க. ‘கண்ணிருந்தும் குருடான அதிகாரிகள்’...”

“அது ஒண்ணு இருக்கட்டுமே தம்பி.”

“இருக்கட்டும்னா இருக்கட்டும். ஆனா டிசம்பர்ல நீங்களும் அதே வரியைத்தானே எழுதியிருக்கீங்க? அந்தக் குருடர் லிஸ்ட்ல உங்க பேரையும் சேர்த்துடலாமா?”

மார்னி பேனாவை அவன் கையிலிருந்து பிடுங்கி அந்த வரியைத் தானே அடித்தாள்.

“சாயத்தால வந்ததுன்னும் எழுதாதீங்க,” என்றான் பிரைஸ். “நீங்க டாக்டர் இல்லை.”

“முப்பது வருஷமாத் தலையைப் பார்க்கிறேன் தம்பி.”

“தெரியும். எங்கம்மா தலையும் அதுல ஒண்ணு. நர்ஸ் எழுதின அஞ்சு வரியை அப்படியே போடுங்க. பொண்ணு சொன்னதைப் போடுங்க. சோதனை நடக்கலைன்னு போடுங்க. நீதிபதி அம்மாவுக்கு ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு கூட்டத் தெரியும்.”

துறையின் நாலாவது ஆள் ஷெல்பியை ஃபோனில் பிடித்தார்கள். அவள் எங்கேயோ காரில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

“இருபத்தாறு பிள்ளைங்க என்கிட்ட,” என்றாள் ஷெல்பி. “நான் வந்து ஏழு வாரம்தான் ஆச்சு. ஃபைல்ல இருந்ததை நம்பினேன். வேற என்ன பண்ண முடியும், சொல்லுங்க. அலர்ஜி டாக்டர்கிட்ட இப்ப எழுதிக் குடுத்தா ஆறு வாரம் கழிச்சுத்தான் நாள் குடுப்பாங்க.”

“வர்ற வியாழக்கிழமை கோர்ட்டு.”

“தெரியும். மில்வாக்கிக்காரங்க கட்டில்கூட வாங்கிட்டாங்க.”

“பெரியம்மா வீட்டுக்குக் கடைசியா யாரு போனது?”

“ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி. எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கும் முன்னாடி இருந்தவங்க,” என்றாள் ஷெல்பி.

ஞாயிற்றுக்கிழமை மார்னியே போனாள். ஏரியைச் சுற்றி வடக்கே நாற்பது நிமிடம். பதினான்கு நாய்கள் குரைக்கும் என்று காதைத் தயார்செய்துகொண்டு போனவளுக்கு ஏமாற்றம். குரைப்பு இருந்தது, கூட்டம் இல்லை. காட்டோரமாக வரிசையாக மரக்கூண்டுகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் பெயர்ப் பலகை. பாதிக்குமேல் கூண்டுகளின் வாசலில் காலடி படாத பனி.

ஃபெர்ன் நாற்பத்தெட்டு வயதுக்காரி. ரம்பம்போலக் குரல். அவள் தலைமுடியை யார் வெட்டியது என்று கேட்க மார்னிக்கு நாக்குத் துடித்தது. சமையல் கத்தரிக்கோலாகத்தான் இருக்க வேண்டும்.

“துறையில இருந்தா?”

“இல்லை. கோர்ட்டுல இருந்து. ஜூனிக்காக வந்திருக்கேன்.”

“எண்ணிக்கோங்க,” என்று ஃபெர்ன் கூண்டுகளைக் காட்டினாள். “அஞ்சு. போன தடவை வந்தவங்க பதினாலுன்னு எழுதிக்கிட்டுப் போனாங்க. இப்ப அஞ்சுதான். நல்லா எண்ணிக்கோங்க.”

“மத்ததெல்லாம்?”

“குடுத்துட்டேன். ‘பொருந்தாது’ன்னு லெட்டர் வந்துச்சு. ஏன்னு ஒரு வார்த்தை இல்லை. நாய் ஜாஸ்தி போலன்னு நினைச்சேன். ஒவ்வொண்ணா நல்ல ஆளாப் பார்த்துக் குடுத்தேன். எத்தனைக்கு வந்தா பொருந்தும்னு கேட்க ஃபோன் போட்டேன். அந்த ஆள் மாறிட்டாங்கன்னாங்க. மறுபடி போட்டேன். மறுபடி மாறிட்டாங்க. சரி, நாமளே குறைச்சுக்கிட்டே போவோம், எங்கயாச்சும் ஒரு எண்ணுல பொருந்தாமலா போகும்னு விட்டுட்டேன்.”

மார்னிக்குப் பேச்சு வரவில்லை. ஆர்லீன் பார்த்திருந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பாள்.

“மேயர் இருக்கானா?” என்று கடைசியில் கேட்டாள்.

ஃபெர்ன் அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “அவன் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஜூனி போட்டோ வச்சிருக்கா.”

ஃபெர்ன் திரும்பிக்கொண்டு ஒரு கூண்டின் தாழ்ப்பாளை, ஏற்கெனவே சரியாக இருந்த தாழ்ப்பாளை, சரிசெய்தாள். “அவனைக் கடைசியா வச்சிருக்கேன். அவனும் போகணும்னா சொல்லிடுங்க. போகட்டும். பிள்ளை வந்தாப் போதும்.”

“வியாழக்கிழமை வரைக்கும் ஒண்ணையும் யாருக்கும் குடுக்காதீங்க,” என்றாள் மார்னி. “அதுக்கு மேல என்னால ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வியாழக்கிழமை நீங்க கோர்ட்டுக்கு வாங்க. தலையைச் சீவிக்கிட்டு வாங்க.”

மாடியறையைப் பார்த்தாள். சின்னக் கட்டில், துவைத்த விரிப்பு, ஜன்னலோரம் நாலு வயதுக்கான பனிக் காலணி ஒரு ஜோடி. திரும்பி வந்து காருக்குள் உட்கார்ந்து எழுதினாள்: ‘ஐந்து நாய்கள். காலியான ஒன்பது கூண்டுகள், பெயர்ப் பலகைகளுடன். ஒரு கட்டில், விரித்துவைக்கப்பட்டது.’ வேறு எதுவும் எழுதவில்லை. பிரைஸுக்கு அடிக்க ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பிரிட்ஜெட்டை வழக்கம்போலப் பின்கட்டில் பூட்டினார்கள். கதவைத் தாண்டும்போது உள்ளே அது மூச்சுவிடும் சத்தம் கேட்டது. ஜூனி அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கூடத்துக்குள் நுழைந்தவள் கடைசி வரிசையில் இருந்த பெரியம்மாவைக் கண்டதும் நின்றுவிட்டாள். ஃபெர்ன் தலையைத் தண்ணீர் வைத்துப் படியச் சீவியிருந்தாள். இருவரும் கையைக்கூட அசைக்கவில்லை. பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நீதிபதி நோவாக் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படிக்கிற பெண்மணி. அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன.

“மிசஸ் ஹல்வர்சன், டிசம்பர்ல நீங்க குடுத்த ரிப்போர்ட்ல இந்தப் பொண்ணுக்குக் கடுமையான நாய் அலர்ஜி. இப்ப குடுத்ததுல இல்லைங்கறீங்க. ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான். நான் எதை நம்பட்டும்?”

மார்னி எழுந்தாள். ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வாயடித்தவள் இப்போது வார்த்தைகளை எண்ணிப் பார்த்தாள். இதைச் சொன்னால் அவள் சொல்வது எதையும் இனி நம்ப வேண்டியதில்லை என்று நீதிபதி முடிவுகட்டலாம். கையெழுத்து மில்வாக்கி தாளில் விழுந்துவிடும்.

“இப்பக் குடுத்ததுல இல்லைன்னு நான் சொல்லலை மேடம். யாரும் சோதிச்சுப் பார்க்கலைன்னுதான் சொல்லியிருக்கேன். டிசம்பர்ல நான் ஃபைலைப் பார்த்துக் காப்பி அடிச்சேன். என்னை இந்த வேலைக்கு நீங்க வச்சதே என் கண்ணால பார்த்து எழுதத்தான். பார்க்காம எழுதினேன். தப்பு என்னோடது.”

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “துறை என்ன சொல்லுது?”

ஷெல்பி எழுந்தாள். எழுதிக்கொண்டு வந்ததைப் பார்த்தாள்; மூடி வைத்தாள். “துறையும் காப்பிதான் அடிச்சது மேடம். நாலு தடவை.”

சுருக்கெழுத்துக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“இருபது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்,” என்றார் நீதிபதி. “ஒரே காலையில ரெண்டு பேர் தப்பை ஒத்துக்கிட்டுப் பார்த்ததில்லை. ஃபெர்ன் அம்மா யாரு? உங்ககிட்ட இப்ப எத்தனை நாய்?”

“அஞ்சு மேடம். வேணும்னா...”

“நான் குறைக்கச் சொல்லலை. கேட்டேன், அவ்வளவுதான்.” நீதிபதி எழுதத் தொடங்கினார். ஜூனியை இப்போதைக்கு எங்கேயும் மாற்றக் கூடாது. பத்து நாளுக்குள் அலர்ஜி சோதனை. டாக்டருக்குக் கோர்ட் உத்தரவே போகும், வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பெரியம்மா வீட்டைத் துறை புதிதாகப் போய்ப் பார்க்க வேண்டும், கண்ணைத் திறந்துகொண்டு. மூன்று வாரத்தில் மறுபடி கூடலாம். “ஜூனி, நீ எதாவது சொல்லணுமாம்மா?”

ஜூனி எழுந்து நின்றாள். “ஒண்ணு கேட்கணும். அலர்ஜி இல்லைன்னு வந்துட்டா, அந்த நாயை அப்பவும் பூட்டுவீங்களா?”

“டெஸ்ட் வரட்டும். அதுவரைக்கும் பூட்டுதான்.”

“சரி,” என்றாள் ஜூனி. அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

மில்வாக்கிக்கு ஷெல்பிதான் ஃபோன் செய்தாள். அந்த அம்மாள் அழுதாள் என்றும், பிள்ளைக்கு எது நல்லதோ அது நடக்கட்டும் என்று சொன்னாள் என்றும் பிறகு மார்னியிடம் சொன்னாள். சாம்பல் நிறம் அடித்த அந்த அறையை மார்னி பார்த்ததில்லை. இருந்தாலும் இரண்டு நாள் அது அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

சோதனையில் ஜூனியின் கையில் வரிசையாகக் குத்திய புள்ளிகளில் புல் மகரந்தத்துக்கு ஒன்று தடித்தது. நாய்க்கு ஒன்றுமே இல்லை. முதுகில் சாயம் தடவிய துண்டை ஒட்டிய இடம் மட்டும் இரண்டாம் நாள் தக்காளியாய்ச் சிவந்திருந்தது. மூன்று வாரம் கழித்து ஜூனி கோர்ட்டுக்கு வந்தபோது பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. பிரிட்ஜெட் முக்கால் மணி நேரம் அவளுடைய பூட்ஸ்மேல் படுத்துக் குறட்டை விட்டது. நீதிபதி இரண்டு முறை குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் எல்லாத் தாளிலும் கையெழுத்தாகி வழக்கு முடிந்தது. அதோடு மார்னியின் வேலையும் முடிந்தது. ஃபைலைத் திருப்பிக் கொடுக்கும்போது பிரைஸ், “அடுத்த பிள்ளை எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டான். “நாய் இல்லாத கேஸா குடு தம்பி,” என்றாள். வீடு வரும்வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வண்டி ஓட்டினாள். மகரந்தமாக இருக்கலாம்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆர்லீன் கூண்டுக்குள் இருந்தாள். பார்லர் கதவு திறந்தது. ஃபெர்ன் நுழைந்தாள், அவள் பின்னால் ஒரு சுற்றுப் பெருத்திருந்த ஜூனி.

மார்னியின் கையில் இருந்த சீப்பு கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டாள். வழக்கு முடிந்தாலும் சத்தியம் முடியாது.

“வாங்க,” என்றாள். “முதல் தடவையா வர்றீங்களா?”

“முதல் தடவைதான்,” என்றாள் ஃபெர்ன். “ரெண்டு பேருக்கும் வெட்டணும்.”

“உங்களுக்கு முன்னாடி யாரு வெட்டினா?”

“நானே.”

“நினைச்சேன்.”

ஜூனி நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் மார்னியைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை. சீட்டை மடியில் ஒளிக்கும்போது வைத்திருக்கும் அதே முகம். “உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே,” என்றாள்.

“ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எப்படி வெட்டட்டும்?”

“ஊதா பண்ண முடியுமா?”

“அது மட்டும் என் கையால நடக்காது.”

“தெரியும். சும்மா கேட்டேன்.” கழுத்தில் துணியைக் கட்டும்போது ஜூனி மேற்கூரையைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னாள். “எங்க வீட்டுல இப்ப ஏழு நாய். ரெண்டு பேர் திருப்பிக் குடுத்துட்டாங்க.”

“அப்படியா,” என்றாள் மார்னி. கத்தரிக்கோலை எடுத்தாள். வாய் ஓடவில்லை, கை மட்டும் ஓடியது.

அவர்கள் போனபின் தரையைப் பெருக்கினாள். குவிந்ததில் ஜூனியின் முடி கொஞ்சம், ஃபெர்னின் முடி கொஞ்சம். மீதியெல்லாம் வெள்ளையும் சாம்பலுமாக நாய் முடி. கூண்டுக்குள்ளிருந்து ஆர்லீன் மூன்று தடவை தும்மினாள்.

“யாருடி அந்தப் பொண்ணு?”

“முடி வெட்டிக்க வந்த பொண்ணு.”

“மேலெல்லாம் நாய் முடி. எனக்கு நாய் அலர்ஜி, தெரியும்ல?”

மார்னி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றாள்.

“யாரு சொன்னது?”

“எங்கம்மா.”

“அவங்களுக்கு யாரு சொன்னது?”

“அது... அவங்க அக்கா சொல்லியிருப்பாங்க. என்னடி இப்படிக் குடையிற?”

“டெஸ்ட் பண்ணியா?” என்றாள் மார்னி. “ரிப்போர்ட் இருந்தா கொண்டா, பார்ப்போம்.”